சமவெளியிற் கண்ட இடிமுகில்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் வெளியிடும் இம்மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். கல்லூரியின் வரலாற்றையும், அதனை வளர்த்த பெரியார்களின் தொண்டினையும், மைதானத்திலே நம்மவர் ஈட்டிய வெற்றிகளையும் எழுதுதற்கு எம்மினும் மூத்தோரும் வல்லோரும் உளர். தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது ஓர் இலக்கியக் கட்டுரையாகவே இருக்கும். ஆயினும் யாம் எழுத எடுத்துக்கொண்டது ஒரு முகிலைப் பற்றி; அதுவும் பூமியின் மறுபுறத்தே, அமெரிக்க நாட்டின் நடுச் சமவெளியில், ஒரு பிற்பகலிலே எழுந்து இரவிலே மறைந்த ஒரு முகிலைப் பற்றி. அம்முகிலை எமக்குக் காட்டியவன் இக்கல்லூரியின் பழைய மாணவன் என்பது ஒரு காரணம். அன்று யாம் கற்றுக்கொண்டது இக்கல்லூரியின் இன்றைய மாணவருக்கும் உரியது என்பது மற்றொரு காரணம்.

எம் தமக்கையாரின் மகன் உயர்தர வகுப்புவரை இங்கேயே கற்றவன். பௌதிகமும் கணிதமும் அவன் விரும்பிய பாடங்கள். கீழ்வகுப்புகளில் அவனுக்குத் தமிழ் கற்பித்தவர் யாம். இப்பொழுது அவன் ஒக்லகோமா மாநிலத்திலே, நோமன் என்னும் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில், வளிமண்டலவியலிலே ஆராய்ச்சி மாணவனாக இருக்கின்றான். “மாமா, கார்காலத்தைப் பற்றி வகுப்பில எத்தனையோ நாள் படிப்பிச்சனீங்கள், ஒருக்கால் வந்து இங்கத்தைய முகிலைப் பாருங்கோ” என்று ஈராண்டாக அழைத்துக்கொண்டிருந்தான். 2024ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் விடுமுறை பெற்று யாம் அங்குச் சென்றோம்.

யாழ்ப்பாணத்திலே வானம் எமக்குத் துண்டு துண்டாகவே காட்சியளிப்பது. வேலிக்கும் பனைக்கும் மாமரத்துக்கும் இடையே தெரிவதே நம் வானம். முழுமையாகக் காணவேண்டின் கடற்கரைக்குச் செல்லவேண்டும். அச்சமவெளியிலோ அடிவானம் நாற்புறமும் தரையிலே வந்து படிகின்றது. கோதுமை வயல்கள், இடையிடையே புல்வெளி, கூப்பிடு தூரத்துக்கு அப்பால் ஒரு வீடு, அதன் அயலிலே நாலைந்து மரங்கள். நிலத்தைச் சதுரஞ் சதுரமாக அளந்து குடியேற்றியமையால், கிழமேலாகவும் தென்வடலாகவும் மைலுக்கொன்றாக ஓடும் நேர்வீதிகள். ஐம்பது அறுபது மைலுக்கு அப்பால் எழும் முகிலையும் அங்கு நின்று காணலாம். முகிலைக் காணச் செல்வோருக்கு அதனினும் ஏற்ற நிலம் பிறிதில்லை.

அவன் வாழும் வீட்டிலே யாம் முதலிற் கண்ட புதுமை, கார்க் கொட்டகையின் தரையிலே பதித்திருந்த ஓர் இரும்புக் கதவு. அதனை இழுத்துத் திறந்தால் ஆறேழு படிகள். படிகளின் கீழே ஆறு பேர் நெருங்கி அமரத்தக்க ஒரு சிற்றறை. இரு மருங்கும் வாங்குகள். ஒரு மூலையிலே தண்ணீர்ப் போத்தல்கள், மின்விளக்கு, சிறு வானொலி. புயற்காலத்தில் உயிர்காக்க அங்குள்ளோர் பலர் இத்தகைய அறைகளை அமைத்திருக்கின்றனர். அதனைக் கண்ட மாத்திரத்தில் எம் வாயினின்றும் எழுந்த சொல் “பங்கர்” என்பது. மருமகன் சிரித்தான். அவன் வயதினர்க்கு அச்சொல் பெரியோர் சொல்லக் கேட்ட கதை. எமக்கு அது வாழ்ந்த இடம்.

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வடபகுதியிலே சிறுவராயிருந்தோர் இதனை விரித்துரையாமலே அறிவர். வளவுக்குள்ளே குழி வெட்டிப் பனங்குற்றி பரப்பி மண்மூட்டை அடுக்கியிருப்போம். விமான இரைச்சல் கேட்டதும் புத்தகத்தை விட்டெழுந்து அதனுள் இறங்குவோம். எறிகணை புறப்படும் குத்துச் சத்தம் கேட்டால் அது விழும்வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவோம். அந்நாட்களில் எமக்கு வானம் செவியால் அறியவேண்டிய ஒன்றாயிருந்ததேயன்றிக் கண்ணாற் காணும் ஒன்றாயிருக்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியிலே, மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்த சனத்திரளில் யாமும் ஒருவர். அன்று பெய்த மழையையும் யாம் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி பெற்று வெளியேறி, மழையையும் மின்னலையும் பாடிய புலவர்களைப் பல்லாண்டு கற்பித்தும், மின்னல் எழுந்தால் முகத்தைத் திருப்பும் வழக்கம் எம்மை விட்டு நீங்கவில்லை.

யாம் சென்ற முதற் சனிக்கிழமை நண்பகல், உண்டுகொண்டிருந்த வேளையிலே, ஊரெங்கும் அபாயச் சங்கு ஊதிற்று. யாம் கோப்பையை விட்டெழுந்து நின்றோம். “சோதனைக்கு ஊதுறாங்கள் மாமா, சனிக்கிழமையெண்டால் இப்பிடித்தான். இருங்கோ, சாப்பிடுங்கோ” என்றான் அவன். எழுந்தது ஏன் என்று அவன் வினவவில்லை. மறுநாள் முதல், முகில்களை எவ்வாறு இனங்காண்பது என்று எமக்குக் கற்பிக்கத் தொடங்கினான். ஆசிரியர் மாணவரானார், மாணவன் ஆசிரியனானான்.

அச்சமவெளியிலே இடிப்புயல் எழுவதன் காரணத்தை அவன் விளக்கியவாறே ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம். தெற்கே மெக்சிக்கோ வளைகுடாவினின்றும் நீராவி நிறைந்த வெப்பக் காற்று நிலத்தையொட்டி வடக்கு நோக்கி வரும். மேற்கே உயர்ந்த பாலைநிலங்களிலிருந்து உலர்ந்த காற்று வரும். இவ்விரண்டும் சந்திக்கும் எல்லைக்கு ‘உலர்கோடு’ என்று பெயர். வளைகுடாக் காற்று கடல்நீரை முகந்து வருவதைக் கேட்டபோது, மார்கழிதோறும் யாம் ஓதுகின்ற திருவெம்பாவையிலே மாணிக்கவாசக சுவாமிகள் கடலை முகந்தெழும் முகிலை அம்மையின் திருமேனியோடு ஒப்பிட்டமை எம் நினைவில் எழுந்தது. இச்செய்தியை நம்மவர் பண்டே அறிந்திருந்தனர்.

ஆயின் நீராவி மாத்திரம் பெரும்புயலை ஆக்குவதில்லை. நிலத்துக்குச் சில ஆயிரம் அடி மேலே வெப்பமான ஒரு காற்றடுக்கு, கொதிக்கும் பானையின் மூடிபோல, கீழ்க்காற்றை எழவிடாது தடுத்து நிற்கும். காலை தொடங்கி வெயில் ஏற ஏற உள்ளே வலு கூடும். பிற்பகலிலே மூடி ஓரிடத்திற் திறந்துகொண்டால், அடக்கிவைத்த காற்றெல்லாம் அவ்வழியாற் பீறிட்டெழும். மூடி திறவாவிடின் அன்று முழுவதும் தெளிந்த வானமே. இனி, நிலத்தருகே காற்று தென்கிழக்கிலிருந்து வீச, உயரத்திலே மேற்கிலிருந்து கடுவேகமாக வீசும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காற்று, உள்ளங்கைகளுக்கிடையே வைத்து விளக்குத்திரி திரிப்பதுபோல உருளத் தொடங்கும். மேலெழும் காற்று அவ்வுருளையை நிமிர்த்திவிட, முகில் முழுவதுமே பம்பரம்போலச் சுழலும். இதனை அவர்கள் ‘சூப்பர்செல்’ என்பர். யாம் அதற்குப் ‘பெருஞ்சுழல் முகில்’ என்று பெயரிட்டோம். ‘ரொர்னாடோ’ எனப்படும் கொடுஞ்சுழற்காற்றுக்களிற் பெரியவை இத்தகைய முகில்களின் அடியிலிருந்தே இறங்குகின்றன.

மாத இறுதியிலே ஒருநாட் காலை, நோமனிலுள்ள புயல் முன்கணிப்பு நிலையத்தின் வரைபடத்திலே மாநிலத்தின் மேற்குப்பகுதி நிறந்தீட்டப்பட்டிருந்தது. முக்காலியும் கமராவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கி நூறு மைலுக்கு மேற் சென்று, எல்க் சிற்றி என்னும் ஊரின் புறத்தே ஓர் எரிபொருள் நிலையத்தில் நின்றோம். ‘புயல் துரத்துதல்’ என்று இதனை அங்கு வழங்குவர். அப்பெயரைக் கேட்போர் ஓயாத ஓட்டம் என்று எண்ணுதல் கூடும். அன்று யாம் கண்டது பெரும்பாலும் காத்திருத்தலே. பகல் பதினொரு மணி தொடங்கி நாலரை மணிவரை, வெப்பத்திலே, தெளிந்த வானத்தின் கீழ்க் காத்திருந்தோம். அவ்வேளையிலேதான் அவன் தன் துறையின் முன்னோரைப் பற்றி எமக்குச் சொன்னான்.

அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய ரொர்னாடோப் புகைப்படம் எனக் கருதப்படுவது 1884ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி, கன்சாஸ் மாநிலத்திலே, கார்னெற் என்னும் ஊரினருகே எடுக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு தொடங்கி, டேவிட் ஹோட்லி என்பார் வடக்கு டகோட்டாவிலே தாமாகவே வரைபடம் பார்த்துப் புயல்களைத் தேடிச் சென்று படமெடுத்தார். பின்னர் 1977இல் இத்துறையினர்க்கென ஒரு சிற்றிதழும் தொடக்கினார். பல்கலைக்கழகமோ அரசாங்கமோ ஏவாமல், காணும் வேட்கை ஒன்றினாலேயே அவர் இதனைச் செய்தார்.

ஆயினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது பூஜிற்றா என்னும் யப்பானியப் பேரறிஞரின் வரலாறு. 1945ஆம் ஆண்டு ஆகஸ்ற் 9ஆந் திகதி, இரண்டாவது அணுகுண்டை ஏந்திய விமானம் முதலிற் சென்றது கொக்குறா நகருக்கு. முகிலும் புகையும் மறைத்தமையால் இலக்குத் தெரியாது அது நாகசாக்கிக்குத் திரும்பிற்று. கொக்குறாவுக்கு அணித்தான ஒரு தொழில்நுட்பக் கல்லூரியிலே அந்நாளில் ஆசிரியராயிருந்தவர் பூஜிற்றா. பின்னர் அவர் நாகசாக்கிக்குச் சென்று, எரிந்த தடங்களைக் கொண்டு குண்டு வெடித்த உயரத்தைக் கணித்தார். வானத்திலிருந்து வந்த அழிவின் சுவடுகளை வாசிக்கக் கற்ற அவர், 1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தம் வாழ்நாள் முழுவதையும் புயல்களுக்கே ஈந்தார்.

1957ஆம் ஆண்டு யூன் 20ஆந் திகதி வடக்கு டகோட்டாவின் பார்கோ நகரைச் சுழற்காற்று தாக்கிற்று. அழிவு பெரிது, உயிர்களும் மாய்ந்தன. ஆனால் அது மாலை வேளையாதலின் நகரமக்கள் பலர் தத்தம் கமராவினாற் படமெடுத்திருந்தனர். பூஜிற்றா நூற்றுக்கு மேற்பட்ட அப்படங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றும் எவ்விடத்தில் நின்று, எத்திசை நோக்கி, எந்நேரத்தில் எடுக்கப்பட்டது என்று துணிந்து, அம்முகிலின் வாழ்க்கையைக் கணம் கணமாகக் கட்டியெழுப்பினார். சுழலும் முகிலின் அடியிலே தாழ்ந்து தொங்கும் பகுதிக்குச் ‘சுவர்முகில்’ என்னும் பெயர் அவ்வாராய்ச்சியிலேதான் தோன்றிற்று. 1971இல் சுழற்காற்றின் வலிமையை அளக்கும் அளவுகோலையும் அவரே வகுத்தார். இத்தனையுஞ் செய்தவர் தம் கண்ணால் ஒரு சுழற்காற்றை முதன்முதற் கண்டது 1982ஆம் ஆண்டிலேதான். அதுகாறும் பிறர் கண்ட காட்சியை வைத்தே அவர் கற்றார். பிறர் எழுதிவைத்த ஏடுகளை வைத்தே தொழில் செய்யும் எம்மனோர்க்கு இச்செய்தி பெரியதோர் ஆறுதல்.

1973ஆம் ஆண்டு மே 24ஆந் திகதி ஒக்லகோமாவின் யூனியன் சிற்றியிலே, ஆராய்ச்சியாளர் ஒரு சுழற்காற்றின் பிறப்பு முதல் இறப்புவரை படம்பிடித்தனர். அதேவேளை நோமனிலிருந்த டொப்ளர் ராடர் அம்முகிலின் உள்ளே காற்றின் சுழற்சியைப் பதிந்தது. படத்தையும் பதிவையும் ஒப்பிட்டபோது, சுழற்காற்று நிலந்தொடுமுன்னரே அதன் அடையாளம் ராடரிலே தோன்றுதலை அறிந்தனர். 1990களில் அத்தகைய ராடர்கள் அந்நாடு முழுவதும் நிறுவப்பட்டன. இன்று அங்கு ஒரு தாய் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கச் சில நிமிட அவகாசம் கிடைக்கின்றதாயின், அந்நிமிடங்களுக்குப் பின்னே இத்தகைய படங்கள் நிற்கின்றன.

நாலரை மணியளவில் மேற்கு அடிவானத்திலே, பூக்கோவாவின் தலைபோல வெண்மையான ஒரு திரள் எழுந்தது. அரைமணி நேரத்தில் அது மலையாயிற்று. மேலுமோர் அரைமணியில் அதன் உச்சி கொல்லன் பட்டடைபோல விரிந்து பரந்தது. ஏறத்தாழ 50,000 அடி உயரம் என்றான் மருமகன். வண்டியை வடக்கே செலுத்தி, பின் கிழக்கே திருப்பி, முகிலுக்குத் தென்கிழக்கே அமைந்த ஒரு சிறு மேட்டிலே நிறுத்தினான். முகில் வடகிழக்கு நோக்கிச் செல்லுமாதலின், தென்கிழக்கிலே நிற்போர் மழைக்கும் ஆலங்கட்டிக்கும் புறத்தே நின்று அதன் அடியைத் தெளிவாகக் காணலாம். தப்பிச் செல்லத் தெற்கே ஒரு தார்வீதி இருத்தலையும் அவன் முன்னரே நோக்கிக்கொண்டான். அந்நிலத்துச் செம்மண் வீதிகள் மழை பட்டாற் களியாகி வண்டியைப் பற்றிக்கொள்ளும். ஆதலின் முகிலைத் தேடுமுன் வீதியைத் தேடுக என்பது அவர்களின் முதற் பாடம்.

அம்முகிலை எவ்வாறு வருணிப்போம்? பல்லாண்டாக வருணனை கற்பித்த எமக்கு அன்று ஒரு சொல்லும் உதவவில்லை. குயவன் திரிகையிலே வனைந்த ஒரு பெருங்கலம்போல, அடுக்கடுக்காக வரை விழுந்து, அம்மலை முழுவதும் இடம்புறமாக மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் அடி தட்டையாகவும் கறுப்பாகவும் இருந்தது. வடபுறத்தே மழைத்திரை, அத்திரையின் உள்ளே குளத்துப் பாசிபோன்ற ஒரு பச்சை ஒளி. எம் முதுகுப்புறமிருந்து வெப்பக் காற்று அம்முகிலை நோக்கி ஓடிற்று. சாலையோரப் புல்லெல்லாம் அதற்குத் தலைசாய்த்து நின்றது. இடியோசை இடைவிடாது உருண்டுகொண்டிருந்தது.

யாம் முகத்தைத் திருப்பவில்லை. வீரத்தினாலன்று, பார்ப்பதற்கு வேலை இருந்தமையால். “மாமா, மின்னலைப் பாக்காதேங்கோ, அடியைப் பாருங்கோ. தொங்கிற பகுதி சுத்துதோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ” என்று அவன் எமக்கு ஒரு பணி தந்திருந்தான். குறித்ததொன்றை உற்று நோக்குபவனுக்கு அஞ்சுவதற்கு நேரமிருப்பதில்லை என்பதை யாம் அன்று கண்டோம். வகுப்பிலே நடுங்கும் மாணவனுக்கு வாசிக்க ஒரு வரியைச் சுட்டிக்காட்டும் முறை எமக்குப் பழகியதே. அது எம்மீதும் பலிக்கும் என்பது தெரியாதிருந்தது.

மருமகன் வண்டியின் கண்ணாடிக்குப் பின்னிருந்தே படமெடுத்தான். மின்னல் எட்டும் தொலைவிலே வெளியில் முக்காலி ஊன்றி நிற்பதை அவன் விரும்புவதில்லை. வண்டியின் இரும்புக் கூடே மின்னலைப் புறத்தே கடத்திக் காக்கின்றது. இறப்பர்ச் சில்லு காக்கின்றது என்பது பிழையான நம்பிக்கை. ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர் முகிலடியின் ஒரு பகுதி தாழ்ந்து சுவர்போலத் தொங்கிற்று. “சுத்துது” என்றோம். அவ்வேளை ஒளியும் நிறமும் வடிவும் ஒருங்கே கூடியிருந்தன. அன்றைய நாளின் மிகச் சிறந்த படம் அக்கணத்திலே இருந்தது. அவன் கமராவை மடியிலே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தான். வானிலை நிலையத்தாருக்குத் தான் நிற்கும் இடம், முகில் இருக்கும் திசை, மதித்த தூரம், நேரம், சுவர்முகில் சுழல்கின்றது என்னுஞ் செய்தி ஆகியவற்றை நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னான். இரண்டு நிமிடம் சென்றது. மீண்டும் கமராவை எடுத்தபோது மழைத்திரை சுவர்முகிலை மறைத்துவிட்டது. அவன் அதற்கு வருந்தியதாகத் தெரியவில்லை. சுழற்காற்று நிலந்தொடாமலே அம்முகில் எம்மைக் கடந்து சென்றது.

அவ்வீதிகளிலே எம்மைப்போல வந்தோர் பலர். சிலர் வீதியின் நடுவிலேயே வண்டியை நிறுத்திப் படமெடுத்தனர். பின்னால் வருவோர்க்கு வழியில்லை. 2013ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி, அதே மாநிலத்தில் எல் றீனோ என்னுமிடத்திலே, 2.6 மைல் அகலத்துக்கு விரிந்த ஒரு சுழற்காற்று திடீரெனத் திசைமாறியபோது, ரிம் சமராஸ் என்னும் ஆராய்ச்சியாளரும், அவர் மகன் போலும், உடன் சென்ற கார்ல் யங்கும் மாண்டனர். சமராஸ் கவனமற்றவரல்லர், 2003ஆம் ஆண்டு தெற்கு டகோட்டாவின் மன்செஸ்ரர் என்னுமூரிலே சுழற்காற்றின் வழியில் தம் கருவியை வைத்து, 100 மில்லிபார் அமுக்கவீழ்ச்சியைப் பதிந்த பேரனுபவம் உடையவர். அத்தகையோர்க்கே அக்கதியாயின், வேடிக்கை பார்க்கச் செல்வோரைப் பற்றி யாது சொல்வது? இதனைச் சொல்லிவிட்டே மருமகன் எம்மை அழைத்துச் சென்றான் என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும்.

புயல் கடந்தபின் அது சென்ற வழியே மெல்லச் சென்றோம். ஓரிடத்திலே வீதியின் ஒருபுறம் விளைந்த கோதுமை மாலை வெயிலிற் பொன்னாக நின்றது; மறுபுறம், அரிவாளும் பொறியும் படாமலே, வயல் முழுவதும் தரையோடு தரையாகக் கிடந்தது. அறுவடைக்கு இன்னும் இரண்டொரு வாரமே இருந்திருக்கும். ஆலங்கட்டிகள் வரப்போரத்திலே குவிந்து புகைந்துகொண்டிருந்தன. அங்குள்ளோர் அவற்றை நாணயத்துக்கும் பந்துக்கும் ஒப்பிட்டு அளவு சொல்வர். ஓர் அங்குலமும் அதற்கு மேலும் ஆயின் கடும்புயல் என்பது அவர்கள் கணக்கு. எமக்கோ பாக்கும் தேசிக்காயுமே அளவு. அங்குக் கிடந்தவற்றுட் பல தேசிக்காயளவின.

வயலோரத்திலே ஒரு முதியவர் நின்றார். எம் வண்டியையும் கமராவையும் நோக்கி, “நல்ல படங்கள் கிடைத்தனவா?” என்று வினவினார். அச்சொல்லிலே கோபமில்லை; கோபமிருந்திருப்பின் எமக்கு எளிதாயிருந்திருக்கும். நம் ஊரிலே விளைந்த வயல் மழையில் வீழ்ந்து கிடக்க, ஒருவர் அதன் அழகைப் படமெடுக்க வந்திருந்தால் நாம் யாது சொல்லியிருப்போம் என்று எண்ணினோம். மழையே கெடுப்பது, கெட்டாரை எடுப்பதும் அதுவே என்று வள்ளுவர் சொன்னதை எத்தனையோ முறை கரும்பலகையிலே பொருள் எழுதிக் காட்டியிருக்கின்றோம். கெட்டவர் ஒருவர் எதிரே நிற்க அதனை நினைத்தல் வேறு.

மருமகன் அம்முதியவரின் வினாவுக்கு விடை சொல்லாமல், “பயிருக்குக் காப்புறுதி உண்டா?” என்று கேட்டான். உண்டு என்றார்; ஆனால் காப்புறுதி அலுவலர் வருவதற்குள் பனிக்கட்டி உருகிவிடும் என்றார். உடனே அவன் கமராவை எடுத்தான். முதியவர் தம் சட்டைப்பையிலிருந்த அளவுநாடாவை ஆலங்கட்டிகளின் அருகே விரித்துப் பிடித்தார். வயலின் நான்கு மூலைகளினின்றும், வீழ்ந்த கதிர்களை அணித்தாகவும், வேலிக்கம்பத்தோடு சேர்த்துத் தொலைவாகவும், ஒளி மங்கும்வரை அவன் படமெடுத்தான். ஒவ்வொரு படத்துக்கும் நேரமும் இடமும் ஒரு தாளிலே குறித்தவர் யாம். அன்றிரவே அவற்றை அவருக்கு அனுப்பிவைத்தான். அம்முதியவர் எம் இருவர் கையையும் பற்றி விடை தந்தார். அன்று எடுத்த படங்களுள் எது சிறந்தது என்று எம்மைக் கேட்பாராயின், பொன்னும் பச்சையுமாக ஒளிர்ந்த அப்பெருமுகிலின் படத்தைச் சொல்லோம். நசுங்கிய கதிரின் அருகே ஓர் அளவுநாடாவும் ஒரு முதிய கையுந் தெரியும் படத்தையே சொல்வோம்.

திரும்பும் வழியெங்கும் கிழக்கு வானிலே அம்முகில் விளக்கேற்றியதுபோல உள்ளிருந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது. மின்னல் தோன்றியதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, ஐந்தாற் பிரித்தால் எத்தனை மைல் என்பது புலப்படும் என்று மருமகன் சொன்னான். எண்ணுதல் எமக்குப் புதிதன்று. ஆயின் அன்று எண்ணியது எங்கே விழுமோ என்று அறியாமல் எண்ணியது. இன்று எண்ணியது, எவ்வளவு தொலைவு சென்றுவிட்டது என்று அறிந்துகொண்டு எண்ணியது. பத்து மைல், பன்னிரண்டு மைல் என்று சொல்லிக்கொண்டே வந்தோம். பின்னர் ஒளி மாத்திரம் தெரிந்தது, ஓசை எட்டவில்லை.

இனி, இக்கல்லூரி மாணவருக்குச் சில சொற்கள். நம் நாட்டிலே அத்தகைய பெருஞ்சுழல் முகில்கள் அரியன. ஆயினும் பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல்தோறும் இடிமுழக்கம் உண்டு. மின்னலால் நம் வயல்களிலும் கடலிலும் உயிரிழப்போர் உளர். இடி கேட்குமாயின் மின்னல் உம்மை எட்டும் தொலைவிலே இருக்கின்றது. வயல்வெளியிலும் மைதானத்திலும் நில்லாதீர். பனையின் கீழ் ஒதுங்காதீர். வீட்டினுள்ளோ மூடிய வாகனத்தினுள்ளோ சென்றுவிடுக. படம் எடுக்க விரும்பின் அங்கிருந்தே எடுக்க.

எடுக்கும் படத்தின் அடியிலே இடம், திகதி, நேரம், நோக்கிய திசை ஆகியவற்றை எழுதிவைக்க. இன்று உம் ஒவ்வொருவர் கையிலும் கமரா இருக்கின்றது. பார்கோ நகரத்தாரிடம் அன்று இருந்ததினும் நல்ல கமரா. ஆயின் எங்கு, எப்பொழுது என்று அறியப்படாத படம் அழகுக்கு மாத்திரம் உதவும். குறிப்புள்ள படம், பின்னொருநாள் ஓர் அறிஞருக்கோ, நட்டமடைந்த ஓர் உழவருக்கோ சான்றாகும். குளம் உடைந்தாலும், கடல் ஊருக்குள் புகுந்தாலும், காற்று கூரையைக் கொண்டு சென்றாலும் இவ்வாறே. துன்பத்தைப் பார்த்து நிற்பவனுக்கும் துன்பத்துக்குச் சாட்சியாய் நிற்பவனுக்கும் உள்ள வேறுபாடு அவ்வொரு வரியிலே அடங்கியிருக்கின்றது.

வானத்துக்கு அஞ்சி வளர்ந்த தலைமுறை எம்முடையது. நும் தலைமுறை அதனை அண்ணாந்து நோக்கி, அதன் இயல்பை அறிந்து, அறிந்ததைப் பிறர்க்குக் கூறும் தலைமுறையாக வளர்தல் வேண்டும். அத்தகைய மாணவர் ஒருவரையேனும் ஈன்றது நம் கல்லூரி என்பதிலே யாம் பெருமையடைகின்றோம். அன்னார் பலரை அது மேன்மேலும் ஈந்து நீடு வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமைகின்றோம்.